உடல் சூட்டை வைத்து இடம் அறியும் கிருமிகள்

பிளேக் நோயை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இரண்டு வாழிடங்கள். ஒன்று தெள்ளுப்பூச்சியின் குடல். அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ். இன்னொன்று எலி, மனிதன் போன்ற பாலூட்டியின் உடல். அங்கே 37 டிகிரி. பூச்சி கடிக்கும்போது கிருமி முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்து சேர்கிறது. அதற்கு ஆகும் நேரம் மிகக் கொஞ்சம். ஆனால் இரண்டு இடங்களிலும் பிழைக்கத் தேவையானவை முற்றிலும் வேறு. பூச்சிக்குள் அது ஒட்டும் தன்மையுள்ள ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உணவுப்பாதையை அடைத்து நிற்கிறது. பாதை அடைபட்ட பூச்சி பசி தீராமல் திரும்பத் திரும்பக் கடிக்கும். கடிக்கும்போதெல்லாம் கிருமி பரவும். மனித உடலுக்குள் வந்த பிறகு அந்தப் படலத்துக்கு வேலையில்லை. வெள்ளை அணுக்களைச் சமாளிக்கும் புரதங்கள்தான் அவசரத் தேவை.

இடம் மாறிவிட்டது என்பதைக் கிருமி பல அடையாளங்களால் தெரிந்துகொள்கிறது. அமிலத்தன்மை, இரும்பின் அளவு, கால்சியம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாமே அதற்கு உதவுகின்றன. ஆனால் இவை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சூடு அந்த அளவுக்கு மாறுவதில்லை. மண்ணிலோ நீரிலோ பூச்சியிலோ கிடந்த ஒரு பாக்டீரியாவுக்கு, திடீரென்று 37 டிகிரி வந்து அது அப்படியே நிலையாக நின்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: ஒரு பாலூட்டியின் உடலுக்குள் வந்தாயிற்று. நோய்க்கிருமிகளின் பரிணாமம் இந்த அடையாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை அவற்றுக்கு வெறும் சூழல் நெருக்கடி என்று மட்டும் பார்த்தால் விஷயத்தில் பாதி விட்டுப்போகும். தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும் தகவலாகவே அவை அதைப் பயன்படுத்துகின்றன.

நெருக்கடி என்ற பாதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சூடு அளவுக்கு மீறிப் போனால் புரதங்கள் மடிப்புக் குலைந்து கெட்டுப்போகும். அப்போது எல்லா பாக்டீரியாக்களும், நோய் தருபவை, தராதவை என்ற வேறுபாடு இல்லாமல், ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்’ என்ற குழுவைப் பெருமளவில் தயாரிக்கும். குலைந்த புரதங்களை மீண்டும் மடித்துக்கொடுப்பதும், தேறாதவற்றை அழிப்பதும் இவற்றின் வேலை. எதிர்ப்பக்கத்தில், குளிர் தாக்கும்போது வேறு ஒரு புரதக் குழு வரும். இது பழுதுபார்க்கும் ஏற்பாடு. நான் இங்கே பேச வருவது வேறு: 30 டிகிரியிலும் 37 டிகிரியிலும் சௌகரியமாகவே வளரக்கூடிய ஒரு கிருமி, அந்த ஏழு டிகிரி வித்தியாசத்தை வைத்துத் தன் நடத்தையையே மாற்றிக்கொள்வது.

மடிந்து கிடக்கும் ஆர்.என்.ஏ.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய பாக்டீரியா லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மண்ணிலும் அழுகும் தாவரங்களிலும் வாழ்வது; கெட்டுப்போன பால்பொருட்கள், இறைச்சி வழியாக மனிதருக்குள் வருவது. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும் என்பதால் உணவுப் பாதுகாப்பில் இதற்கு எப்போதும் தனிக் கவனம் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இது ஆபத்தானது.

லிஸ்டீரியாவின் நோய் உண்டாக்கும் மரபணுக்களில் முக்கியமானவற்றை பி.ஆர்.எஃப்.ஏ. என்ற ஒரே புரதம் இயக்குகிறது. அந்தப் புரதம் இருந்தால், கிருமி நம் செல்லுக்குள் புகும், அங்கிருந்து பக்கத்துச் செல்லுக்குப் பரவும். இல்லாவிட்டால் அது சாதாரண மண் பாக்டீரியா. 30 டிகிரியில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது, 37 டிகிரியில் ஏராளமாக இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவிலிருந்து எடுத்த படி, 30 டிகிரியிலும் இருக்கத்தான் செய்கிறது. மரபணு படியெடுக்கப்படுகிறது, ஆனால் படி புரதமாகவில்லை.

காரணத்தை 2002ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசாரின் குழு வெளியிட்டது. தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தில், புரதத்துக்கான குறியீடு ஆரம்பிக்கும் முன்னால், ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. குறைந்த வெப்பநிலையில் அது தன்மேலேயே மடங்கி, கொண்டை ஊசி வடிவில் இறுகிக்கொள்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடம் அந்த மடிப்புக்குள் மாட்டிக்கொள்கிறது. உட்கார இடமில்லை என்றால் புரதமும் இல்லை. 37 டிகிரியில் மடிப்பு அவிழ்கிறது, இடம் வெளியே தெரிகிறது, ரைபோசோம் வேலையைத் தொடங்குகிறது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தக் குழு செய்த இரண்டு சோதனைகள். ஒன்று, இந்த ஆர்.என்.ஏ. துண்டை ஈ.கோலை என்ற முற்றிலும் வேறான பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அங்கேயும் அது அதே மாதிரி குளிரில் மூடி, சூட்டில் திறந்தது. ஆக, லிஸ்டீரியாவுக்கே உரிய தனிப் புரதம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அளப்பதும் முடிவெடுப்பதும் அந்த ஆர்.என்.ஏ.தான். இரண்டாவது, மடிப்பு தளரும்படி அந்த ஆர்.என்.ஏ.வின் வேதியியல் எழுத்துகளில் ஓரிரண்டை மாற்றினார்கள். உடனே லிஸ்டீரியா 30 டிகிரியிலேயே நோய்க்கிருமி போல நடக்க ஆரம்பித்துவிட்டது. மரபணுவில் வேறு எதையும் தொடவில்லை.

ஏழு டிகிரிக்குள் ஒரு மூலக்கூறு எப்படி இவ்வளவு கச்சிதமாகத் திறக்கிறது? ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் ஜோடி சேர்ந்துதான் மடிப்பு இறுகுகிறது. எல்லா ஜோடிகளும் பலமானவையாக இருந்தால் மடிப்பு அவிழவே 60, 70 டிகிரி தேவைப்படும். அதனால் இந்த மாதிரி ஆர்.என்.ஏ. வெப்பமானிகளில் வேண்டுமென்றே செய்தது போல பலவீனமான ஜோடிகளும், ஜோடி சேராத எழுத்துகளும், புடைப்புகளும் கலந்திருக்கும். உடல் சூட்டுக்குச் சற்று முன்னால் அவிழும்படி அந்தக் கலவை அமைந்திருக்கிறது. குறைகள் என்று தோன்றுபவைதான் இங்கே அளவுகோல்.

லிஸ்டீரியாவிடம் இதற்கு நேர் எதிரான ஒரு ஏற்பாடும் உண்டு. நீந்த உதவும் கசையிழைகளை அது சுமார் 30 டிகிரிக்குக் கீழேதான் வளர்க்கிறது. 37 டிகிரியில் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. கசையிழையின் புரதத்தை நம் நோயெதிர்ப்பு அமைப்பு நன்றாக அடையாளம் காணும் என்பதால், உடலுக்குள் அதை வைத்திருப்பது கிருமிக்கு நஷ்டம். இங்கே சூட்டை உணர்வது ஆர்.என்.ஏ. அல்ல, ஒரு புரதம்: ஜிமா-ஆர். குளிரில் அது கசையிழை மரபணுக்களை அடக்கும் இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். உடல் சூட்டில் அந்தப் பிடி விட்டுப்போகும். விடுபட்ட புரதம் கசையிழை மரபணுக்களை அடக்கிவிடும்.

பிளேக் கிருமியின் பல அடுக்கு ஏற்பாடு

யெர்சினியாவுக்கு வருவோம். அது 37 டிகிரியில் ஒரு ஊசி போன்ற அமைப்பைத் தன் மேற்பரப்பில் கட்டி, அதன் வழியாக நம் வெள்ளை அணுக்களுக்குள் புரதங்களைச் செலுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இந்த அமைப்பை இயக்கும் தலைமைப் புரதத்தின் பெயர் எல்.சி.ஆர்.எஃப். அதன் ஆர்.என்.ஏ.விலும் ஒரு வெப்பமானி இருக்கிறது. ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான யுராசில் நான்கு முறை வரிசையாக நின்று ரைபோசோம் உட்காரும் இடத்தோடு பலவீனமாக ஜோடி சேர்ந்திருக்கும். சூடு ஏறியதும் அவை விலகும். இந்த நான்கு யுராசில் அமைப்பு விஞ்ஞானிகளுக்கு இப்போது பழகிய முகம். காலரா பாக்டீரியாவின் நச்சுப் பொருளை இயக்கும் டாக்ஸ்-டி மரபணுவிலும், ஷிகெல்லாவின் இரும்பு சேகரிக்கும் மரபணு ஒன்றிலும் இதே அமைப்பு இருக்கிறது. இரும்பு என்பது சிறிய விஷயமில்லை. நம் உடலில் இரும்பு பெரும்பாலும் இரத்தத்தின் ஹீம் மூலக்கூறில் மறைந்திருக்கிறது. சூடு ஏறியிருக்கிறது என்றால் ஹீம் கிடைக்கும் இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். அதைப் பிடிக்கும் புரதத்தை அப்போது செய்தால் போதும்.

ஆனால் யெர்சினியா இந்த ஒரு வெப்பமானியை மட்டும் நம்பியிருக்கவில்லை. எல்.சி.ஆர்.எஃப். மரபணுவையே படியெடுக்க விடாமல் தடுக்கும் ஒய்மோ-ஏ என்ற புரதமும் இருக்கிறது. குறைந்த வெப்பநிலையில் அது உறுதியாக நிற்கும். 37 டிகிரியில் செல்லின் புரதம் சிதைக்கும் நொதிகள் அதை வேகமாக அழித்துவிடும். அதாவது படியெடுப்பதற்கு ஒரு தடை, படியைப் புரதமாக்குவதற்கு இன்னொரு தடை. உடல் சூட்டில்தான் இரண்டும் சேர்ந்து நீங்குகின்றன. இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்றால், இந்த ஊசி அமைப்பைக் கட்டுவது செலவு மிகுந்த வேலை. அது இயங்கும்போது பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றுபோகும் நிலையும் உண்டு. தவறான இடத்தில் அதை இயக்கினால் கிருமிக்கே கேடு.

இன்னும் நுட்பமான மாற்றம் அதன் வெளிச்சவ்வில் நடக்கிறது. இந்த வகை பாக்டீரியாக்களின் சவ்வில் ‘லிப்பிட் ஏ’ என்ற கொழுப்பு மூலக்கூறு உண்டு. நம் நோயெதிர்ப்பு செல்களில் இருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற உணரி அதைக் கண்டதும் அபாய மணி அடிக்கும். பூச்சியின் வெப்பநிலையில் யெர்சினியா செய்யும் லிப்பிட் ஏ-யில் ஆறு கொழுப்புச் சங்கிலிகள் வரை இருக்கும். நம் உணரிக்கு அது நன்றாகவே தெரியும். 37 டிகிரியிலோ நான்கு சங்கிலிகள்தான். உணரி அதை ஏறக்குறைய கவனிப்பதில்லை. 2006ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் முக்கியத்துவத்தை நேரடியாகச் சோதித்தார்கள். ஈ.கோலையின் ஒரு மரபணுவை யெர்சினியாவுக்குள் செருகி, 37 டிகிரியிலும் ஆறு சங்கிலி லிப்பிடையே அது செய்யும்படி ஆக்கினார்கள். அந்தக் கிருமியால் எலிகளைக் கொல்ல முடியவில்லை. டி.எல்.ஆர்.4 இல்லாத எலிகளோ செத்துப்போயின. ஆக, சூட்டுக்கு ஏற்ப ஒரு கொழுப்பின் வடிவத்தை மாற்றிக்கொள்வது இந்தக் கிருமியின் உயிர்ப்பிரச்சினை. வரலாற்றில் கோடிக்கணக்கானோரைக் கொன்ற ஒரு நோயின் பலம் இவ்வளவு சிறிய வேதியியல் மாற்றத்தைச் சார்ந்திருப்பது யோசிக்க யோசிக்க மலைப்பாக இருக்கிறது.

டி.என்.ஏ.வும் வளைந்து நிமிரும்

ஆர்.என்.ஏ., புரதம் தவிர, டி.என்.ஏ.வே வெப்பத்தை உணரும் உதாரணமும் உண்டு. இரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவில், நோய்த்தாக்குதலைத் தொடங்கும் வி.ஐ.ஆர்.எஃப். மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. இயல்பிலேயே வளைந்திருக்கிறது. எச்-என்.எஸ். என்ற புரதம் அந்த வளைவின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு மரபணுவை மூடிவைக்கிறது. சுமார் 32 டிகிரியைத் தாண்டும்போது வளைவு தளர்கிறது, புரதத்தின் பிடி நழுவுகிறது, மரபணு இயங்கத் தொடங்குகிறது. எச்-என்.எஸ். இல்லாத ஷிகெல்லாவை உருவாக்கினால் 30 டிகிரியிலேயே நோய்த்தாக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எச்-என்.எஸ். பல பாக்டீரியாக்களில் இருக்கும் பொதுவான புரதம். வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களை அடக்கி வைப்பது அதன் வேலை. நோய்த்தாக்கும் மரபணுக்களில் நிறைய அப்படி வந்து சேர்ந்தவைதான்.

சால்மொனெல்லாவின் டி.எல்.பி.ஏ. என்ற புரதம் இரட்டையாகச் சேர்ந்திருக்கும்போது மட்டும் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், சூட்டில் ஒற்றையாகப் பிரிந்து விட்டுவிடும். சால்மொனெல்லாவின் நோய்க்கு இது எவ்வளவு அவசியம் என்பதைவிட, மனிதர்கள் இதை என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் மிக்கேல் ஷப்பிரோவின் குழு 2017ல் இந்தப் புரதத்தை ஒரு சுவிட்சாகவே வடிவமைத்தது. உடலுக்குள் செலுத்திய பாக்டீரியாவை, ஒருமுகப்படுத்திய அல்ட்ராசவுண்ட் மூலம் ஓரிடத்தில் மட்டும் சில டிகிரி சூடாக்கி, அங்கே மட்டும் மரபணுவை இயக்க முடியும் என்று காட்டினார்கள்.

காய்ச்சலும் ஒரு தகவல்

உடலுக்கு உள்ளேயே இடத்துக்கு இடம் வெப்பம் மாறும். மூக்கின் உட்பகுதி, நாம் இழுக்கும் காற்றால் எப்போதும் உடலின் மையத்தைவிடக் குளிர்ந்தே இருக்கும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் அங்கேதான் குடியிருக்கிறது. ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மூக்கு-தொண்டையில் இது எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். எப்போதோ ஒருமுறை இரத்தத்துக்குள் போய்விட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து.

இந்த பாக்டீரியாவிலும் ஆர்.என்.ஏ. வெப்பமானிகள் இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் டாங்கின் குழு 2013ல் வெளியிட்டது. அவை கட்டுப்படுத்தும் மரபணுக்களைப் பாருங்கள்: ஒன்று கிருமியைச் சுற்றி உறை போடுவதற்கு, மற்றவை இரத்தத்தின் கிருமிக்கொல்லிப் புரதத் தொகுதியிலிருந்து தப்புவதற்கு. எல்லாமே தற்காப்பு. மூக்கில் வைரஸ் தொற்று வந்து வீக்கமும் சூடும் ஏறினால், இரத்தத்தின் பாதுகாப்புப் புரதங்கள் அங்கே கசிந்து வரும். அந்தச் சூட்டையே முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு கிருமி உறையைத் தடிமனாக்கிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்ஃபுளுவென்சா பரவலுக்குப் பின் மூளைக்காய்ச்சல் கூடுவது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அதற்கான விளக்கத்தில் இதுவும் ஒரு பகுதியாக இருக்கலாம். காய்ச்சல் கிருமிகளை வாட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் சில கிருமிகள் அதே காய்ச்சலைப் படித்துத் தயாராகவும் செய்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லூயி பாஸ்டர் 1878ல் செய்த ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. கோழிகளுக்கு ஆந்த்ராக்ஸ் வருவதில்லை. அவற்றின் உடல் வெப்பநிலை 42 டிகிரியை ஒட்டியது. பாஸ்டர் கோழியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி உடலைக் குளிரவைத்துக் கிருமியைச் செலுத்தினார். கோழி நோய்வாய்ப்பட்டு இறந்தது. ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவை 42-43 டிகிரியில் தொடர்ந்து வளர்த்தால் அதன் வீரியம் குறைவதையும் அவர் கண்டார். ஏன் குறைகிறது என்பது 1983ல்தான் தெளிவானது: அந்தச் சூட்டில் நச்சு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தையே கிருமி இழந்துவிடுகிறது. சரி, இது மரபணுவை நிறுத்திவைப்பது அல்ல, தொலைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிறுத்திவைத்த மரபணு வெப்பநிலை திரும்பியதும் மீண்டும் இயங்கும், தொலைந்தது திரும்பாது.

எல்லாக் கிருமிகளும் சூட்டுக்காகக் காத்திருப்பதில்லை. தாவரங்களைத் தாக்குபவை பெரும்பாலும் தலைகீழ். சோயா பயிரைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே வகை ஒன்று கொரொனாட்டின் என்ற நச்சை 18 டிகிரியில் நிறைய செய்யும், 28 டிகிரியில் ஏறக்குறைய செய்யாது. தாவரங்களில் கட்டி உண்டாக்கும் அக்ரோபாக்டீரியமும் ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் அந்த வேலையைச் செய்வதில்லை. செடிக்கு என்று நிலையான உடல் சூடு கிடையாது. அப்புறம் 37 டிகிரி அவற்றுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது? குளிர்ந்த, ஈரமான நாட்கள்தான் இலைக்குள் புக ஏற்ற சமயம்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஆய்வகப் பழக்கம் ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுகிறது. மனித நோய்க்கிருமிகளை எடுத்ததும் 37 டிகிரியில் வளர்ப்பது வழக்கம். அந்தக் கிருமியின் உடலுக்குள்ளான முகம் மட்டுமே அப்போது தெரியும். உணவில், நீரில், பூச்சியில் அது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தந்த வெப்பநிலையில் பார்த்தாக வேண்டும். தொற்று தொடங்கும் கணத்தில் நம் உடல் சந்திப்பது அந்தக் குளிர்ந்த முகத்தைத்தான்.

அந்த முகத்தைக் குறிவைத்தே ஒரு தடுப்பூசி உருவானது. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பாக்டீரியா உண்ணியின் குடலில் வாழ்கிறது. பசியோடு காத்திருக்கும் உண்ணியில், சுற்றுப்புறக் குளிர்ச்சியில், அதன் மேற்பரப்பில் ஓ.எஸ்.பி.ஏ. என்ற புரதம் நிறைந்திருக்கும்; உண்ணியின் குடலில் ஒட்டிக்கொள்ள அது உதவுகிறது. உண்ணி நம் தோலில் பதிந்து சூடான இரத்தத்தை உறிஞ்சத் தொடங்கியதும் பாக்டீரியா அதைக் குறைத்து, ஓ.எஸ்.பி.சி. என்ற வேறு புரதத்தைச் செய்கிறது. நம் உடலில் தொற்றைத் தொடங்க இரண்டாவதுதான் தேவை. இந்த மாற்றத்துக்கு வெப்பநிலை மட்டுமல்ல, இரத்தமும் அமிலத்தன்மையும் சேர்ந்தே காரணம். மாற்றம் முடிந்து கிருமி உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர, பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகிறது.

1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைம் தடுப்பூசி, ஓ.எஸ்.பி.ஏ.வுக்கு எதிராகத்தான் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கியது. உடலுக்குள் வந்த கிருமியிடம் அந்தப் புரதம் பெரிதாக இல்லையே, அப்படியானால் என்ன பயன்? உண்ணி உறிஞ்சும் இரத்தத்தோடு எதிர்ப்புப் புரதங்களும் அதன் குடலுக்குள் போய், கிருமி உடை மாற்றுவதற்கு முன்பே அங்கேயே அதை முடக்கின. அந்தத் தடுப்பூசி விற்பனைக் குறைவாலும் பக்கவிளைவு பற்றிய பயத்தாலும் 2002ல் சந்தையிலிருந்து போய்விட்டது. ஆனால் இப்போது மனிதரில் சோதிக்கப்பட்டு வரும் புதிய லைம் தடுப்பூசியும் ஓ.எஸ்.பி.ஏ.வையே குறிவைக்கிறது. இந்த வழியில் ஒரு சிக்கல் கூடவே வருகிறது. நம் உடல் தொற்றின்போது இந்தப் புரதத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்பதால், நோயெதிர்ப்பு நினைவைக் கிருமியே தூண்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உண்ணி கடிக்கும் நேரத்தில் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தாக வேண்டும். அதனால் பூஸ்டர் ஊசிகளைத் தவிர்க்க முடிவதில்லை.